பங்குவணிக நிறுவனத்தில் மென்பொருள் எழுதும் வேலை எப்படி இருக்கும்?

பினாங்கில் கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: டிரேடிங் நிறுவனங்களில் மென்பொருள் எழுதுபவர்களுக்கு நல்ல சம்பளம் என்கிறார்கள், அந்த மாதிரி வேலை கேஎல்லில் (கோலாலம்பூரில்) கிடைக்குமா? சி++ தெரிந்தால் போதுமா, நிதியும் படிக்க வேண்டுமா? ஒரு நாள் எப்படிப் போகும்? அப்புறம், "இது சூதாட்டம்தானே" என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

நான் இந்த வேலைக்கு வந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. முதலில் ஒரு தரகு நிறுவனம், பிறகு சொந்தப் பணத்தில் வாங்கி விற்கும் ஒரு சிறிய நிறுவனம். இரண்டும் கோலாலம்பூரில்தான். அதனால் இங்கே இருப்பதை வைத்தே பேசுகிறேன். நீங்கள் படித்திருப்பது பெரும்பாலும் நியூயார்க், லண்டன், சிகாகோ கதைகளாக இருக்கும். அவை பொய் இல்லை, ஆனால் புக்கிட் கெவாங்கானில் புர்சா (மலேசியப் பங்குச்சந்தை) கட்டடத்தைச் சுற்றி நடக்கும் வேலைக்கு அப்படியே பொருந்தாது.

டிரேடிங் நிறுவனம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. தரகு நிறுவனம் வாடிக்கையாளரின் ஆர்டரைச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கமிஷன் வாங்குகிறது. விலை ஏறினால் அதற்கு லாபம், இறங்கினால் நஷ்டம் என்று கிடையாது. மற்றது, தன் பணத்தைப் போட்டு வாங்கி விற்பது. ஜேன் ஸ்ட்ரீட், ஆப்டிவர் போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவை இந்த இரண்டாவது வகை. நம் வட்டாரத்தில் அவர்கள் கடை விரித்திருப்பது சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும். கேஎல்லில் வேலை அதிகம் இருப்பது மேபேங்க், சிஐஎம்பி, ஆர்எச்பி, கெனங்கா போன்ற முதலீட்டு வங்கிகளின் பங்குவணிகப் பிரிவுகளில். 2017-இல் முழுக்க இணையத்திலேயே தொடங்கிய ரக்குத்தன் டிரேட் மாதிரியான இடங்களும் உண்டு. புர்சா மலேசியாவிலேயே ஒரு பெரிய தொழில்நுட்பக் குழு இருக்கிறது. இபிஎஃப், பிஎன்பி போன்ற பெரிய நிதிகளின் முதலீட்டுப் பிரிவுகளுக்கும் மென்பொருள் ஆட்கள் தேவை. இவர்கள் எல்லாருக்கும் மென்பொருள் விற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, புதிதாக வருபவர்களுக்கு அந்தக் கதவு கொஞ்சம் எளிதாகத் திறக்கும். சொந்தப் பணத்தில் விளையாடும் சிறிய நிறுவனங்கள் இங்கே குறைவு, பெரும்பாலும் செம்பனை எண்ணெய் ஒப்பந்தங்களை (பின்னொரு மாதத்து எண்ணெயை இன்றே விலை பேசி வாங்கி விற்பது) சுற்றியே இருக்கும்.

வேகத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோவினாடி ஆகும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டிலேயே 300 கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் ஒரு பக்கம் போக மட்டும் 1,500 மைக்ரோவினாடி. சிங்கப்பூர்ச் சந்தையின் கணினி இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே தன் கணினியை வைத்திருப்பவருடன், ஜாலான் ராஜா சூலானில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இரண்டு மைக்ரோவினாடி மிச்சம் பிடித்துப் போட்டி போட முடியாது. அந்தப் பந்தயம் உலகில் சில இடங்களில், சில நூறு பேர் ஓடுவது. அதில் ஓட ஆசை இருந்தால் தாராளமாக ஓடுங்கள், ஆனால் அதுதான் முழுத் தொழிலும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

நான் தினமும் செய்வது வேறு. நாம் அனுப்பிய ஆர்டர்கள் எவை, அவற்றில் எவ்வளவு நிறைவேறியது, இந்த நொடியில் நம் கையில் என்ன இருக்கிறது என்பதை நிரல் எப்போதும் சரியாக அறிந்திருக்க வேண்டும். கேட்க எளிது. ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். மேபேங்க் பங்கு 10,000 வாங்க ஆர்டர் அனுப்புகிறீர்கள். 3,000 கிடைத்ததாக முதல் பதில் வருகிறது. விலை பிடிக்காமல் மீதி 7,000-ஐ ரத்து செய்யச் சொல்லிச் செய்தி அனுப்புகிறீர்கள். அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் சந்தையில் இன்னொரு 4,500 உங்கள் பேரில் நிறைவேறிவிட்டது. இரண்டு செய்திகளும் வழியில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. அந்தச் சில மில்லிவினாடிகளில் உங்களிடம் இருப்பது 3,000-மா, 7,500-ஆ? ரத்து ஆகிவிட்டது என்று நினைத்து நிரல் வேறு விலையில் 7,000 வாங்கப் புறப்பட்டால், கடைசியில் கையில் 14,500 இருக்கும். கேட்டதோ 10,000.

இதே பிழையின் அண்ணனை நான் என் இரண்டாம் ஆண்டில் சந்தித்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். செம்பனை எண்ணெய் ஒப்பந்தம், நாங்கள் எஃப்சிபிஓ என்போம். ஒரு லாட் என்றால் 25 டன். விலை டன்னுக்கு ஒரு ரிங்கிட் நகர்ந்தால் ஒரு லாட்டுக்கு 25 ரிங்கிட் கூடும் அல்லது குறையும். டிரேடர் 20 லாட் விற்கச் சொன்னார். மாலை 6 மணிக்குச் சந்தை மூட இருந்த நேரம், தொடர்பு அறுந்தது. சில நொடிகளில் திரும்ப இணைந்தது. இந்தத் தொழிலில் செய்திகள் ஃபிக்ஸ் என்ற ஒரு பொது மொழியில் போகும். 1992-இல் ஃபிடெலிட்டி, சாலமன் பிரதர்ஸ் என்ற இரு அமெரிக்க நிதி நிறுவனங்கள் தொடங்கி வைத்தது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. தொடர்பு போய்த் திரும்பும்போது, எந்த எண் வரை வந்தது என்று இரு பக்கமும் ஒப்பிட்டு, விட்டுப்போனதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் நிரலில், இணைப்புத் தகராறுகளைச் சுலபமாகத் தீர்க்கலாம் என்று நினைத்து, திரும்ப இணையும் ஒவ்வொரு முறையும் எண்ணை 1-லிருந்து தொடங்கும்படி வைத்திருந்தோம். அதை எழுதியது நான்தான். விட்டுப்போன செய்திகளை யாரும் கேட்கவில்லை. 20 லாட்டும் ஏற்கனவே விற்றாகிவிட்டது என்ற செய்தி அந்த இடைவெளியில் காணாமல் போனது. ஆர்டர் போகவே இல்லை என்று முடிவு செய்த நிரல், இன்னொரு 20 லாட் விற்றது.

சந்தை மூடிய பிறகு கணக்கு ஒப்பிடும்போதுதான் தெரிந்தது. அப்போது இரவு அமர்வு கிடையாது, மறுநாள் காலை 10.30 வரை காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. காலையில் விலை 12 ரிங்கிட் மேலே திறந்தது. கூடுதலாக விற்ற 20 லாட்டைத் திரும்ப வாங்கியதில் 20 பெருக்கல் 25 பெருக்கல் 12, ஆக 6,000 ரிங்கிட் போயிற்று. அன்று இரவு நான் தூங்கவில்லை. என் மேலாளர் திட்டவில்லை. எந்தச் செய்தி எப்போது போனது, எப்போது வந்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "இந்த இடத்தில் ஆர்டர் போனதா இல்லையா என்று உன் நிரலுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்படியானால் ஏன் தெரிந்த மாதிரி நடந்துகொண்டது?"

அந்தக் கேள்விதான் இந்த வேலை என்று இன்றும் நினைக்கிறேன். ஆர்டர் போனது, ஆர்டர் போகவில்லை என்ற இரண்டு நிலைகளோடு மூன்றாவதாகத் 'தெரியாது' என்று ஒரு நிலையும் நிரலில் இருக்க வேண்டும். அந்த நிலைக்கு வந்தால் புதிதாக எதையும் அனுப்பாமல் நின்று, சந்தையிடம் கேட்டு, பதில் வந்த பிறகே நகர வேண்டும். நேர்முகத்தில் என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பதும் இதுதான். பதில் வராத ஆர்டரை என்ன செய்வீர்கள் என்பேன். பலர் உடனே மறுபடி அனுப்புவேன் என்பார்கள். இணையத்தில் பொருள் விற்கும் செயலி எழுதிப் பழகியவருக்கு அது இயல்பு. இங்கே அது ஆபத்து.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு நடந்ததை இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். புதிய நிரலை 8 கணினிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. 7-இல் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. அந்த எட்டாவது கணினியில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத ஒரு பழைய பகுதி அப்படியே கிடந்தது. அதை எழுப்பும் அடையாளத்தையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். சந்தை திறந்ததும் பழைய பகுதி விழித்துக்கொண்டு ஆர்டர்களாகக் கொட்டியது. 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் டிரேடுகள், நஷ்டம் 460 மில்லியன் டாலருக்கு மேல். எனக்கு இதில் இரண்டு விஷயங்கள் உறுத்தும். சந்தை திறக்கும் முன்பே நிறுவனத்தின் உள் அமைப்பு ஒன்று பிழையைச் சொல்லும் 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. பிறகு பதற்றத்தில், சரியாக இருந்த 7 கணினிகளிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். அதனால் எட்டுக் கணினிகளுமே கொட்டத் தொடங்கின.

நிறுத்தும் பொத்தான் எங்கே, அதை அழுத்தும் அதிகாரம் யாருக்கு என்று தெரியாத இடத்தில் எவ்வளவு நல்ல நிரலாளர் இருந்தும் பயனில்லை. வேலைக்குப் போகும் முதல் வாரமே இதைக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த நிறுவனத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

ஜப்பானில் 2005 டிசம்பர் 8 அன்று நடந்தது இன்னும் எளிமையானது. மிசுஹோ செக்யூரிட்டிஸ் நிறுவனத்தில் ஒருவர் ஜே-காம் பங்கு 1-ஐ 6,10,000 யென்னுக்கு விற்க நினைத்து, 6,10,000 பங்கை 1 யென்னுக்கு விற்பதாகத் தட்டிவிட்டார். அந்த நிறுவனம் வெளியிட்ட மொத்தப் பங்குகளே ஏறத்தாழ 14,500-தான். திரையில் எச்சரிக்கை வந்தது, தாண்டிப் போய்விட்டார்கள். ரத்து செய்யப் பார்த்தபோது சந்தையின் பக்கத்து நிரலில் இருந்த பிழையால் அதுவும் எடுபடவில்லை. நஷ்டம் சுமார் 40 பில்லியன் யென். எங்கள் வேலையில் பாதி நேரம் இந்த மாதிரித் தடைகளை எழுதுவதில்தான் போகிறது. ஒரு ஆர்டருக்கு இவ்வளவுக்கு மேல் அளவு கூடாது, சந்தை விலையிலிருந்து இவ்வளவுக்கு மேல் விலகக் கூடாது, ஒரு நொடிக்கு இத்தனை ஆர்டருக்கு மேல் கூடாது. எழுதுவது சுவாரசியமாக இருக்காது. டிரேடர்களும் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் அவசரமான நேரத்தில் அவர்களை மறிப்பது உங்கள் வரிகள்தான். மறித்துக்கொண்டே இருங்கள்.

இனி, நம் ஊர்த் தரவில் கால் இடறும் இடங்களைச் சொல்கிறேன். இவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராது, நான் ஒவ்வொன்றாக இடறித்தான் கற்றேன். புர்சாவில் பங்குகளுக்கு எண் குறியீடு உண்டு. மேபேங்க் 1155. பினாங்குக்காரரான உங்களுக்குத் தெரிந்த இனாரி நிறுவனம் 0166. இதை எண்ணாகச் சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய் 166 ஆகிவிடும். எக்செல்லில் ஒருமுறை திறந்து மூடினாலே போதும். அதனால் குறியீடு எப்போதும் எழுத்துச் சரமாகத்தான் இருக்க வேண்டும். விலையின் படிகளும் இங்கே ஒரே மாதிரி இல்லை. 1 ரிங்கிட்டுக்குக் கீழே அரை சென், 1 முதல் 10 ரிங்கிட்டுக்குள் 1 சென், 10-லிருந்து 100-க்குள் 2 சென், அதற்கு மேல் 10 சென். விலையைத் தசமமாக வைத்துக் கணக்குப் போட்டால், கணினியில் 0.1 கூட்டல் 0.2 சரியாக 0.3 ஆகாது என்ற பழைய வம்பு வந்து நிற்கும். அரை சென்னை ஓர் அலகாகக் கொண்டு முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். 1.23 ரிங்கிட் என்பது 246 என்று ஆகிவிடும், சண்டையே இல்லை.

பழைய விலைகளை வைத்து வாங்கி விற்கும் உத்தியைச் சோதிப்பவர்களுக்கு வேறு குழிகள். 2020 செப்டம்பரில் கையுறை நிறுவனமான டாப் குளோவ் ஒரு பங்குக்கு 2 இலவசப் பங்கு கொடுத்தது. பங்கு மூன்றானதால் விலை மூன்றில் ஒன்றாக இறங்கியது. யாரும் ஒரு சென்கூட இழக்கவில்லை. சரிசெய்யாத தரவில் அது ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு சரிவு மாதிரி தெரியும். விலை சரியும் என்று முன்பே விற்றுவைத்த உத்தி தாளில் கோடீஸ்வரன் ஆகும். ரிங்கிட்டின் கதையும் இப்படித்தான். 1998 செப்டம்பர் 2-லிருந்து 2005 ஜூலை 21 வரை டாலருக்கு 3.80 என்று கட்டி வைத்திருந்தார்கள். அந்த ஏழு ஆண்டுத் தரவைச் சேர்த்துக்கொண்டு ரிங்கிட்டின் ஏற்ற இறக்கத்தை அளந்தால் வருவது பொய்யான அமைதி.

நேரம், நாள்காட்டி இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த தலைவலிகள். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது, அதற்கு முன் கிரீனிச்சிலிருந்து ஏழரை மணி நேர வித்தியாசம். எட்டு மணி என்று நிரலில் நேராக எழுதி வைத்தவரின் பழைய தரவு அரை மணி பிசகும். நியூயார்க் சந்தை நமக்கு ஆண்டில் பாதிக்கு மேல் இரவு 9.30-க்கும், மீதி மாதங்களில் 10.30-க்கும் திறக்கும், ஏனென்றால் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. தைப்பூசத்துக்குப் புர்சாவுக்கு விடுமுறை, சிங்கப்பூருக்கு இல்லை. 2018 மே 9 பொதுத் தேர்தல் முடிந்த கையோடு 10, 11 தேதிகளை விடுமுறை என்று அறிவித்தார்கள். சந்தை திறக்கவில்லை. விடுமுறைகளை ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கோப்பில் எழுதிவிட்டு மறந்த நிறுவனங்களில் அன்று காலை நல்ல பரபரப்பு. டிரேடுக்குப் பணம் செலுத்த வேண்டிய தேதிகளும் சேர்ந்து நகர்ந்தன. அப்புறம் 2020 ஏப்ரல் 20, அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விலை எப்போதும் பூஜ்யத்துக்கு மேல்தான் இருக்கும் என்று பல நிரல்களில் யாரோ நல்லெண்ணத்தோடு ஒரு தடை எழுதியிருந்தார்கள். அன்று அந்தத் தடையே பிழையானது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். புர்சா காலை 9-க்குத் திறக்கும், 12.30-க்கு உணவு இடைவேளை, 2.30-லிருந்து மாலை 5 வரை. நான் ஏழரைக்கு வந்துவிடுவேன். இரவில் வந்த கோப்புகள் சரியா, நேற்றைய கையிருப்பும் தீர்வகம் (டிரேடுகளின் பணத்தையும் பங்கையும் கைமாற்றித் தீர்க்கும் அமைப்பு) சொல்வதும் ஒத்துப்போகிறதா, எல்லா இணைப்புகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 8.30-க்கு முன்திறப்பு (சந்தை திறக்கும் முன்பே ஆர்டர்களை வாங்கிக்கொள்ளும் நேரம்) தொடங்கிவிடும். 9 மணிக்குப் பிறகு சந்தை மூடும்வரை ஓடும் நிரலில் கை வைக்க மாட்டோம், மிக அவசரமானால் தவிர. அந்த இரண்டு மணி நேர மதிய இடைவேளை ஒரு வரம். உலகில் பல சந்தைகளில் அது இல்லை. 5-க்குப் பிறகு ஒப்பீடு. செம்பனை எண்ணெய் பார்ப்பவருக்கு 6 வரை சந்தை, மறுபடி இரவு 9-லிருந்து 11.30 வரை. இரவு அமர்வுக்குக் குழுவில் முறை வைத்துக்கொள்வோம். புதிய நிரலை ஏற்றுவதும், சந்தையோடு சேர்ந்து பேரிடர் ஒத்திகை பார்ப்பதும் சனிக்கிழமைகளில். குடும்பம் உள்ளவர்கள் இதை முதலிலேயே வீட்டில் பேசிக்கொள்வது நல்லது.

ஒத்திகை சும்மா சடங்கு இல்லை. 2020 அக்டோபர் 1 அன்று டோக்கியோ பங்குச்சந்தை நாள் முழுக்க மூடிக் கிடந்தது. ஒரு சேமிப்புக் கருவியில் நினைவகம் பழுதானது. மாற்றுக் கருவிக்குத் தானாகத் தாவ வேண்டிய இடத்தில், ஒரு செட்டிங் தவறாக இருந்ததால் தாவவில்லை. மாற்று ஏற்பாடு இருந்தது, அது வேலை செய்யவில்லை. இங்கே மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் விதிகள் 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கின்றன. முக்கியமான அமைப்புகள் ஒரு தடவைக்கு 120 நிமிடத்துக்கு மேல் படுக்கக் கூடாது, தொடர்ந்த 12 மாதத்தில் வாடிக்கையாளரைப் பாதிக்கும் திட்டமிடாத நிறுத்தம் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முதலீட்டு வங்கியில் சேர்ந்தால் இந்த எண்கள் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

சி++ போதுமா? கேஎல்லில் அது இல்லாமலும் வேலைக்கு வரலாம். தரகு நிறுவனங்களில் ஜாவாவும் சி ஷார்ப்பும் நிறைய, ஆய்வுப் பக்கம் பைத்தான். நான் தினமும் அதிகம் எழுதுவது எஸ்கியூஎல், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. அதற்கடுத்து, லினக்ஸில் பெரிய பதிவுக் கோப்புகளைத் துழாவிக் காலை 9.00.03-க்கு என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது. இந்த இரண்டும் கைவந்த ஒருவரை நான் சி++ வித்தகருக்கு முன்னால் எடுப்பேன். கணினிகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் டிசிபி, யுடிபி முறைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பாடமாக இல்லாமல் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நிதியில் பட்டம் வேண்டாம். பங்கு விற்பனையாளருக்கு வேண்டிய உரிமமும் நிரலாளருக்குத் தேவையில்லை. ஆனால் ஆர்டர் வகைகள், விலை அதே என்றால் முதலில் வந்தவருக்கே முதலிடம் என்ற விதி, டிரேடு நடந்து 2 வேலை நாளில் பணமும் பங்கும் கைமாறுவது, ஈவுத்தொகை, பங்குப் பிரிப்பு ஆகியவை தெரியாமல் நேர்முகத்துக்கு வராதீர்கள். இவை ஒரு மாத வாசிப்பு.

விண்ணப்பத்தில் காட்ட ஒன்று வேண்டுமென்றால், ஒரு சின்னச் சந்தையை நீங்களே எழுதுங்கள். வாங்குபவர் வரிசை, விற்பவர் வரிசை, பொருந்தும் ஆர்டர்களை இணைக்கும் பகுதி. பிறகு அதோடு பேசும் இன்னொரு நிரல். நடுவில் தொடர்பை வேண்டுமென்றே அறுத்துவிடுங்கள், செய்திகளைத் தொலையுங்கள், இரண்டு முறை அனுப்புங்கள். எல்லாம் முடிந்ததும் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போனால் அதை எனக்குக் காட்டுங்கள். பங்கு விலையைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுத் திட்டம் வாரத்துக்கு ஒன்று வருகிறது. கணக்கு ஒத்துப்போகும் திட்டம் ஆண்டுக்கு ஒன்று வந்தாலே அதிகம்.

சம்பளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரகு நிறுவனத்திலும் வங்கியிலும் மற்ற நல்ல மென்பொருள் வேலைகளை ஒட்டித்தான் இருக்கும். சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் இடங்களில் போனஸ் பெரிதாக இருக்கலாம், நிறுவனத்துக்கு மோசமான ஆண்டு என்றால் இல்லாமலும் போகலாம். அதனால் மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி வீட்டுக் கடனைக் கணக்கிடுங்கள். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்குச் சட்டப்படி கூடுதல் நேரப் படி கட்டாயம் இல்லை. இரவு முறைக்கும் சனிக்கிழமைக்கும் என்ன ஈடு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மாண்டரின் தெரிந்தவர் விரும்பப்படுவர் என்று சில விளம்பரங்களில் இருக்கும். அதைப் பார்த்து விலகிப் போகாதீர்கள், விண்ணப்பியுங்கள். தொழில்நுட்பப் பக்கத்தில் என் வேலை முழுக்க ஆங்கிலத்திலும் மலாயிலுமே நடந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, இதில் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். டிரேடிங் நிறுவனம் என்ற பெயரில் அந்நியச் செலாவணி, கிரிப்டோ என்று சொல்லிக்கொண்டு இளம் நிரலாளர்களைத் தேடும் கூட்டங்கள் கேஎல்லில் உண்டு. வாடிக்கையாளருக்கு ஒரு விலையும் உள்ளே வேறு விலையும் காட்டும் செயலியை எழுத உங்களைக் கேட்பார்கள், முதல் மாதமே கேட்க மாட்டார்கள். போவதற்கு முன் பங்கு ஆணையத்தின் உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, அதன் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலிலும் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கடைசியாக அம்மாவின் கேள்வி. என் அப்பாவும் கேட்டார். தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். அவரிடம் நான் இப்படித்தான் சொன்னேன். தோட்டக் கம்பெனிக்கு மூன்று மாதம் கழித்து எண்ணெய் என்ன விலை போகும் என்று தெரியாது, ஆனால் சம்பளத்தையும் உரத்தையும் இன்றே முடிவு செய்ய வேண்டும். அதனால் வரப்போகும் எண்ணெயை இன்றைய விலைக்கே ஒப்பந்தத்தில் விற்றுவைக்கிறது. சோப்பும் பிஸ்கட்டும் செய்கிறவர் எதிர்ப்பக்கம் வாங்கிவைக்கிறார். இருவரும் ஒரே நாளில், ஒரே அளவில் வந்து நிற்பதில்லை. நடுவில் வாங்கி விற்று அந்த இடைவெளியை நிரப்புவதுதான் எங்கள் மாதிரி நிறுவனங்களின் வேலை. இந்தச் சந்தை கோலாலம்பூரில் 1980-லிருந்து நடக்கிறது, உலகம் செம்பனை எண்ணெய் விலையைப் பேசும்போது இந்த விலையைத்தான் பார்க்கிறது. இதில் பேராசையோடு சூதாடுபவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்பா ஒரு லாட் என்றால் எவ்வளவு என்று கேட்டார். 25 டன் எண்ணெய் என்றேன். அவர் விரல்களில் எண்ண ஆரம்பித்தார். ஆலையில் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் எண்ணெயாக வரும், ஆக 125 டன் குலை. தான் நாளொன்றுக்கு ஒன்றேகால் டன் வெட்டியதாகச் சொன்னார். "அப்போ ஒரு லாட் எனக்கு நூறு நாள் வேலைய்யா" என்றார். நான் தவறுதலாக விற்ற 20 லாட்டைப் பற்றி அதன் பிறகுதான் அவரிடம் சொன்னேன். உங்கள் அம்மாவுக்குத் தோட்டம் தெரியுமென்றால், அவரிடமும் இந்தக் கணக்கிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.